ஐப்பசியில் விரால் வேண்டாம், மண்டபம் போவோம்

கடச்சனேந்தல்,
புரட்டாசி கடைசி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் ஆவணியில் வந்தது, பதில் இப்போதுதான் போகிறது. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். செல்லூர் மாமா உன்னை விசாரித்தார், அந்தப் பழைய ஐயனார் கோயில் கதையையும் விடாமல் சொன்னார்.

தீபாவளிக்கு வருகிறாய், புதுத் தூண்டில் ராடும் டப்பா நிறைய இரைக்கு ரப்பர் தவளையும் வாங்கியிருக்கிறாய், நம் கண்மாயில் விரால் அடித்தே தீரவேண்டும் என்று எழுதியிருந்தாய். ராடு வாங்கியது சந்தோஷம். ஆனால் விரால் மட்டும் இப்போது வேண்டாம் மாப்ளே. ஏன் என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேரணையிலிருந்து கால்வாய்த் தண்ணீர் வந்து, மேலே நல்ல மழையும் பெய்து, கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. போன ஞாயிறு மடைக்குப் பக்கத்தில் கோரை ஓரமாகத் தண்ணீர் சலசலவென்று கொதித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் விரால் குஞ்சுக் கூட்டம். செம்மஞ்சளாக, மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகிறது. எவ்வளவு அழகு தெரியுமா! அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும் என்று உனக்கும் தெரியும். வெளியூரிலிருந்து பைக்கில் வந்த இரண்டு பையன்களுக்கும் அது தெரிந்திருந்தது. குஞ்சுக்கு நடுவிலேயே தவளையை வீசினார்கள். ஒன்று பாய்ந்து கவ்வியது, இழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மற்றதும் வந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் போய்ச் சொன்னேன். "மீன் பிடிக்கத்தானே அண்ணே வந்தோம்" என்றார்கள், மரியாதையாகத்தான்.

அப்புறம் நடந்ததுதான் மனசை விட்டுப் போகவில்லை. காவல் இல்லாத கூட்டத்துக்குள் ஜிலேபி மீன்கள் புகுந்தன. நீர்க்காகம் இரண்டு வந்து இறங்கின. பொழுது சாயும்போது அந்த இடத்தில் சிவப்பே இல்லை.

இதைத் தூண்டில் வேட்டை என்று எப்படிச் சொல்வது? அந்த விரால் பசிக்குக் கடிக்கவில்லை, பிள்ளைகளிடம் வந்த எதிரியை விரட்டத்தான் கடித்தது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாயும். அதில் ஆளின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? நம் கண்மாயில் குத்தகைக்காரர் விடுவது கட்லா, ரோகு குஞ்சுதான். விராலை யாரும் விடவில்லை. சித்திரையில் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் காற்றைக் குடித்து உயிரைப் பிடித்துக் கிடந்து, மழைக்கு எழுந்து வருகிற நாலைந்து ஜோடிதான் விதை. அந்த விதையை ஐப்பசியில் அடித்துவிட்டால் பங்குனியில் யார் எதைப் பிடிப்பது? உனக்கு விரால் வேண்டுமென்றால் மாசியில் வா. குஞ்சுகள் பிரிந்து போயிருக்கும், தண்ணீர் தெளிந்து இறங்கத் தொடங்கியிருக்கும். நானே கூட வருகிறேன்.

அதுவரை கண்மாயில் ஜிலேபியைப் பிடிப்போம், எவ்வளவு பிடித்தாலும் பாவமில்லை. 1952-ல் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த மீன், இன்று நாட்டு மீனுக்கு இடம் விடாமல் பெருகிக் கிடக்கிறது. புதுத் தண்ணீர் செங்கலங்கலாக வரும் நாட்களில் அது சரியாகக் கடிக்காது. அப்போது கெளுத்திக்கு மண்புழுவைத் தரையில் கிடக்கும்படி போடு. கலங்கல் படிந்தபின் தக்கை கட்டி ஜிலேபி, கெண்டை. ஆற்றுப் பக்கம் மட்டும் யோசித்துப் போகவேண்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி, 66 தொட்டதுமே கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை, 69-ல் மூன்றாவது. அந்தச் செய்தி வந்த நாளில் தடுப்பணைப் பக்கமே போகக்கூடாது.

சரி, ராடு சும்மா கிடக்க வேண்டாம். மண்டபம் போவோம். ஆனால் நாம் ஆனியில் நின்றோமே, பாக் கடல் பக்கத்து அந்த வடக்குக் கரைக்கு இல்லை. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் கடல் குளம்போலக் கிடக்கும். வாடை திரும்பிவிட்டால் கதை தலைகீழ். பாக் கடல் ஆழம் குறைந்தது, வடக்கத்திக் காற்று அதை அடிவரை கலக்கிவிடும். பிடுங்கி வந்த கடல்புல் தூண்டில் நரம்பில் சுற்றிக்கொள்ளும், தூண்டில் முள்ளில் மீனுக்குப் பதில் புல்தான் வரும். மன்னார் வளைகுடாப் பக்கத் தெற்குக் கரையில் அதே வாடை நம் முதுகில் அடிக்கும். கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், எறிகிற ஈயம் காற்றோடு தூரமாய்ப் போய் விழும். மணல் தரையில் இறால் துண்டுக்குக் கிழங்கான், ஊடகம் மீன்கள் கடிக்கும். விடியலில் பாரையோ ஊளியோ துரத்திக்கொண்டு வந்தால் உன் புது ராடுக்கு வேலை கிடைக்கும். ஓரா மீன் மாட்டினால் வெறுங்கையால் தொடாதே. அதன் முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் தாங்கும் அளவு வெந்நீரில் கையை வைப்பதுதான் கைவைத்தியம். எதிரே தெரிகிற தீவுகள் பக்கம் போகும் ஆசையும் வேண்டாம். 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

தேதியை இப்போதே பிடிவாதமாய் முடிவு செய்யாதே. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். தொடக்கத்தில் ஒரு நாள் கண்ணாடிபோல இருக்கும், மறுநாள் தாழ்வு மண்டலம் என்பார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் வண்டியை எடுக்கவே மாட்டேன், நீ என்ன கெஞ்சினாலும் சரி. கூண்டை இறக்கிவிட்டால் அன்று ராத்திரியே கிளம்பலாம், மூன்று மணி நேரம்தானே.

வரும்போது மெல்லிய நரம்பு ஒரு சுருளும் கிழங்கானுக்குச் சின்ன முள்ளும் வாங்கி வா, இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. ஊருக்கு எத்தனை நாள் லீவு என்று உடனே எழுது. தங்கச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன், பரமக்குடி காபி மட்டும் உன் செலவு.

அன்புடன்,
கடச்சனேந்தல்காரன்