மூன்றாவது தூணும் ஒரு முகவரிதான்

பள்ளிக் கல்வி அதிகாரிகளுக்கும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன நவம்பரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சேர்க்கை விண்ணப்பம் நிரப்பினாள். அம்மாவுக்கு எழுத வராது. துணைக்குப் போயிருந்த நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் அக்கா, நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். பெயர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாம் மளமளவென்று முடிந்தது. முகவரிக் கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மணிமணியான எழுத்தில் 'மேம்பாலத்துக்குக் கீழே, மூன்றாவது தூண்' என்று எழுதினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "விளையாடறியா?" என்றார்.

அவள் விளையாடவில்லை ஐயா. ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும், அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. இவர்கள் அங்கே வாடகைக்கு இருந்தவர்கள், அதனால் மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் வரவில்லை. அப்பாவுக்கு ஊரின் இன்னொரு மூலையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் மழை படாத இடம் என்று பார்த்தால் அந்தப் பாலம்தான்.

பழைய பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறதே என்று போனோம். டிசி, அதாவது பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கேட்டார்கள். அதை வாங்கப் பழைய பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால், எமிஸில், அதாவது மாணவர் விவரம் வைத்திருக்கும் அரசின் இணையப் பதிவில், பிள்ளையின் பெயரை அங்கிருந்து இன்னும் விடுவிக்கவில்லை, பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு வந்தால்தான் நாங்கள் எடுக்க முடியும் என்றார்கள். அதுவும் நடந்த பிறகு முகவரிச் சான்று. குடும்ப அட்டையில் இருப்பது இடிக்கப்பட்ட வீட்டின் எண். அது செல்லாதாம். புது முகவரிக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எந்த முகவரிக்கு?

இப்படி 19 நாள் போனது. அந்த நாட்களில் நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் பாடம் சொல்லித்தரப் போவேன். எப்போது போனாலும் அவள் பழைய பள்ளியின் சீருடையில்தான் இருப்பாள். மிஞ்சியது ஒரே செட். ராத்திரி எல்லோரும் அடங்கிய பிறகு தெருக்குழாயில் துவைத்து, பாலத்தின் கம்பியில் காயப்போடுவாள். பாலத்துக்கு அடியில் வெயில் ஏது, அதுவும் மழைக்காலத்தில்? காலையில் ஈரத்தோடே மாட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடம்தான் இல்லையே, வேறு ஏதாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். "எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதுல்லக்கா" என்றாள்.

இரண்டாம் பருவப் புத்தகங்கள் இடிபாட்டுக்குள் போய்விட்டன. தப்பித்தது ஒரு கணக்கு நோட்டு. ஒரு சனிக்கிழமை காலையில் போனபோது, போக்குவரத்தைப் பார்த்தபடி, "இன்னைக்கு ஸ்கூல் வச்சிருந்தா இப்ப மூணாவது பீரியட், அறிவியல்" என்றாள். அவளிடம் கடிகாரம் கிடையாது.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மேசைகளில் அது எட்டவில்லை போலிருப்பதால் எழுதுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டிசி வர தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. தாமதிப்பது டிசி தர வேண்டிய தலைமையாசிரியர் என்றால் அவர்மேல்தான் ஒழுங்கு நடவடிக்கை, பிள்ளைமேல் இல்லை. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, அதற்கு 15-ஆம் பிரிவு இருக்கிறது. ஆதாரை ஒரு சாக்காக வைப்பவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயம் இல்லை என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. இன்று வாசலுக்கு வந்த பிள்ளையை இன்றே வகுப்பில் உட்கார வையுங்கள். காகிதங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் என்று விதிகளில் அழகாக எழுதியிருக்கிறோம். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சிக்கல். வீட்டு வாசலிலிருந்து என்றால், வாசலே இல்லாதவர்களுக்கு டேப்பின் இன்னொரு முனையை யார் பிடிப்பார்கள்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால் முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரே ராத்திரியில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. நல்ல நடைமுறை, மனதாரச் சொல்கிறேன். அந்த வேலையைப் பார்ப்பவர்களில் பல பேர் ஆசிரியர்கள். அதாவது, ஓட்டுக்காக மூன்றாவது தூணைத் தேடிக்கொண்டு டார்ச் லைட்டோடு வரத் தெரிந்த அதே அரசுக்கு, படிப்புக்காக அந்தத் தூணிலிருந்து ஒரு பிள்ளை நடந்து வந்தால் அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு ஓட்டு வர இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, அதனால் இருக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் இடிக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், 1985-இல், அப்புறப்படுத்தலாம் என்றே தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட மழைக்காலம் முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை கைவைக்கக் கூடாது என்றது. மழைக்குப் பொறுக்க முடியுமென்றால் முழுஆண்டுத் தேர்வுக்கும் பொறுக்கலாம்தானே? சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு லாரியில் ஏறிப் போன குடும்பங்களைக் கேளுங்கள், பிள்ளைக்கு எந்த வகுப்பில் படிப்பு அறுந்தது என்று அம்மாக்கள் சொல்வார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1987 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, இப்போது அதன் பெயர் மெக்கின்னி-வென்டோ சட்டம். வீடு போனாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம், போய்வர வண்டி ஏற்பாடு உண்டு. வேறு பள்ளியில் சேர்ந்தால் காகிதம் இல்லாமலே உடனே வகுப்புக்குள் விட வேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென ஓர் ஆள். வாடகை கொடுக்க முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அங்கே வீடற்ற பிள்ளையாகவே கணக்கில் வரும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரைக் கேட்பது என்று ஒரு பெயராவது அங்கே இருக்கிறது. இங்கே நான் 19 நாளில் ஏழு மேசை பார்த்தேன்.

20-ஆம் நாள் வேறொரு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் பார்க்கவேயில்லை, பிள்ளையின் ஈரப் பாவாடையைத்தான் பார்த்தார். "சாப்பிட்டியாம்மா? உள்ள போய் உக்காரு, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவுக்கு எந்தச் சிறப்பு அரசாணையும் வந்திருக்கவில்லை, உங்கள் எல்லோருக்கும் இருக்கும் அதே சட்டம்தான். இன்று வந்த பிள்ளையை இன்றே உட்கார வைத்தார்.

ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான். அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், ஒன்பதாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் கையை உதறிவிடுகிறது, அதனால் அவனுக்காக எந்தப் பிரிவையும் என்னால் எடுத்துக்காட்ட முடியாது. உங்கள் மனசை நம்பித்தான் கேட்கிறேன். அப்பாவோடு மூட்டை இறக்கப் போக ஆரம்பித்துவிட்டான். இன்னும் பத்து நாள் போனால் அவனே பள்ளிக்கூடம் வேண்டாம் என்பான், நீங்களும் அவனை இடைநின்றவர் கணக்கில் எழுதி, கணக்கெடுக்க ஆள் அனுப்புவீர்கள்.

பக்கத்தில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி என்றால் அந்தச் சிவப்புப் பேனா இருக்கும் பள்ளிதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவனை அழைத்துக்கொண்டு அங்கே வருகிறேன். முகவரிக் கட்டத்தில் அவனும் மூன்றாவது தூண் என்றுதான் எழுதுவான். அன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பேனாவை மேசைக்குள் வைத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலத்தடியில் சாயங்காலப் பாடம் சொல்லித்தரும் ஒருத்தி