காற்று வரும்வரை கரையில் நின்றவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மங்கோலியப் படையெடுப்புகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவையும் ஜப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது மனதுக்குப் பிடித்திருந்தது. பாடப்புத்தகங்களில் இவை ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்களாகத்தான் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்துக் கான்களின் படைதான் போய் நின்றது என்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் கட்டுரை முடிந்த விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பா ஒரு கானின் சாவால் தப்பியது, ஜப்பான் ஒரு புயலால் தப்பியது என்று முடித்திருந்தார்கள். பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். நானும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். ஓய்வுபெற்று நிதானமாகப் படிக்க உட்கார்ந்த பிறகுதான், அந்தக் கதையில் மனிதர்களே இல்லை என்பது உறைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இனி என்னால் திருத்திச் சொல்ல முடியாது. உங்கள் வாசகர்களுக்காவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1281இல் புயல் அடித்தது உண்மை, அதில் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் கப்பற்படை நொறுங்கியதும் உண்மை. ஜப்பானின் தக்காஷிமா தீவை ஒட்டிய கடலடியில் அந்தக் கப்பல்களின் சிதைவுகளும் பீங்கான் வெடிகுண்டுகளும் கிடைத்திருக்கின்றன. நான் கேட்பது வேறு. கொரியாவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள ஹகாட்டா விரிகுடாவுக்கு வந்தது ஜூன் கடைசியில். புயல் வந்தது ஆகஸ்ட் நடுவில். ஏறத்தாழ ஏழு வாரம். அத்தனை பெரிய படை அத்தனை நாளும் ஏன் கரையேறாமல் கடலிலும் தீவுகளிலும் கிடந்தது?

கரையில் சுவர் இருந்தது. 1274இல் முதல் படை வந்தபோது ஹகாட்டாவில் நேராக இறங்கிவிட்டது. அந்தப் பாடத்தை மறக்காமல், அப்போது ஜப்பானை ஆண்ட காமகுரா அரசு 1276இல் விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கல்சுவர் எழுப்ப வைத்தது. உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான். ஆனால் கடல் பக்கம் செங்குத்து, குதிரையோடு ஏற முடியாது. கியூஷு தீவின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பகுதி என்று பிரித்துக்கொடுத்து, அவரவர் வைத்திருந்த நிலத்தின் அளவுக்கு ஏற்ப வேலையைச் சுமத்தினார்கள். சில மாதங்களில் பெரும்பகுதி எழுந்துவிட்டது. 1281இல் வந்த படைக்கு அங்கே இறங்க இடம் கிடைக்கவில்லை. விரிகுடாவின் வாயிலில் உள்ள ஷிக்கா தீவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரவில் சாமுராய்கள் சின்னப் படகுகளில் போய்க் கப்பல்களில் ஏறி வெட்டினார்கள். சீனாவின் தென்பகுதியிலிருந்து வரவேண்டிய இன்னும் பெரிய படையும் தாமதமாகவே வந்தது. இரண்டும் சேர்ந்து தக்காஷிமாவில் நின்றபோதுதான் காற்று வந்தது. சுவர் இல்லாமல் போயிருந்தால், படை முன்பே கரையேறியிருக்கும், காற்று ஆளில்லாத கப்பல்களைத்தான் கவிழ்த்திருக்கும்.

தகேசாகி சுவெநாகா என்ற சாமுராயை உங்கள் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். ஹிகோ மாகாணத்துக்காரர், வசதி குறைந்தவர். 1274 சண்டையில் ஐந்தே குதிரைவீரர்களாகப் பாய்ந்தார்கள். அவர் பக்கத்தில் குண்டு வெடித்தது, குதிரைக்குக் காயம். இவ்வளவுக்கும் அவர் செய்தது மேலிடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மறு ஆண்டு குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குக் காசு சேர்த்துக்கொண்டு, காமகுரா வரை போய், அடாச்சி யசுமோரி என்ற அதிகாரியிடம் வழக்காடி, நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1281இலும் போனார். தலைக்கவசம் கையில் இல்லாமல், கால் கவசத்தைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு சண்டை போட்டார். பிறகு இதையெல்லாம் படச்சுருளாக வரையச் செய்தார். அந்தச் சுருள் இன்றும் ஜப்பானில் இருக்கிறது. அதில் அவர் பெரிதாகப் பேசுவது காற்றைப் பற்றி அல்ல, யார் முன்னால் போனார்கள், அதை யார் பார்த்தார்கள் என்பதைப் பற்றி.

அப்புறம் காற்றின் கதை எப்படி இவ்வளவு பெரிதானது? பரிசுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. படையெடுத்து வந்தவனை விரட்டினால் புது நிலம் கிடைக்காது, வீரர்களுக்குப் பங்கிட ஒன்றுமில்லை. பரிசு கேட்கும் அந்த வரிசையில் கோவில்களும் மடங்களும் வந்து நின்றன. எங்கள் பிரார்த்தனைக்குத்தான் தெய்வங்கள் காற்றை அனுப்பின, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். வீரர்களோ சுவர் காவலும் பழுதுபார்ப்பும் செய்துகொண்டே கடனில் மூழ்கினார்கள். 1297இல், அவர்கள் விற்ற நிலங்களைத் திருப்பித் தரச்சொல்லி வாங்கியவர்களுக்கு அரசே ஆணையிடும் அளவுக்கு நிலைமை மோசமானது. 1333இல் காமகுரா அரசே விழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

ஐரோப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1241 ஏப்ரல் 9 அன்று, இன்றைய போலந்தில் உள்ள லெக்னிட்சாவில் மங்கோலியரோடு நடந்த போரில் சைலீசியக் கோமகன் இரண்டாம் ஹென்றி கொல்லப்பட்டார். இரண்டே நாளில் மோஹியில் ஹங்கேரியின் படை அழிந்தது. மன்னர் நான்காம் பேலா கடற்கரை வரை ஓடினார். அந்த டிசம்பரில் மங்கோலியப் பேரரசர் ஒகதாய் கான் இறந்தார், 1242இல் மங்கோலியர் திரும்பினார்கள். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்தீன் எழுதியதைப் பார்த்தால், திரும்பும்போது அந்தச் சாவுச் செய்தியே படைக்கு எட்டியிருக்கவில்லை. ஐரோப்பாவுக்கு வந்த படையின் தலைவர் பாத்து கானும் மங்கோலியாவுக்குப் போகவில்லை, வோல்கா கரையிலேயே தங்கிவிட்டார். உறைந்த டான்யூபைத் தாண்டி வந்த படை ஹங்கேரியின் எஸ்டெர்கோம் நகரைப் பிடித்தது, உள்ளே இருந்த கல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பேலா அதைக் கவனித்தார். கல்கோட்டை கட்டுகிறவர்களுக்கு நிலம் கொடுத்தார், புடா குன்றின் மேல் கோட்டை நகரம் எழுப்பினார். 1285இல் மங்கோலியர் மறுபடி வந்தார்கள். இந்த முறை ஹங்கேரி தாங்கிக்கொண்டது. அப்போது எந்தக் கானும் சாகவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் புயலுக்கு வழங்கிய 'தெய்வக் காற்று' (காமிகாசே) என்ற பெயரைத்தான் ஜப்பானில் 1944 அக்டோபரில், விமானத்தோடு போய்க் கப்பலில் மோதிச் சாகச் சொல்லி அனுப்பிய இளைஞர்களின் படைக்கு வைத்தார்கள். நான் வகுப்பில் பாடம் நடத்திய பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்தவர்கள் அவர்கள். 1281இல் கரையில் நின்றவர்கள் காற்றை நம்பி நிற்கவில்லை என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஃபுகுவோகா நகரில் இமாசு, நிஷிஜின் போன்ற இடங்களில் அந்தச் சுவரின் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன. தொடரின் அடுத்த பகுதியில் அதன் படம் ஒன்றையாவது வெளியிடுங்கள். கூடவே சுவெநாகாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
விருதுநகர்