கொன்றது ஏன் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணையத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையில், கடைசி வரை கொலையாளி யாரென்று ஊகிக்கவே முடியவில்லை என்பதை ஒரு தொடரின் பெரிய வெற்றியாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கொலை வழக்குக் கட்டுகளைப் பிரித்துக் கட்டியே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. இப்போது இரவில் உட்கார்ந்து பார்ப்பதும் கொலைத் தொடர்கள்தான். ஆசையோடு பார்க்கிறேன். அதனால்தான் கடைசிப் பகுதியில் ஏமாற்றிவிடும்போது மனசு ஆறுவதில்லை.

ஊகிக்க முடியாமல் போவது இரண்டு விதத்தில் நடக்கும். எல்லாவற்றையும் நம் கண் முன்னால் வைத்தும் நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால், எழுதியவர் நமக்கு எதையுமே தராமல் இருந்திருக்கலாம். நம் தொடர்களில் அடிக்கடி நடப்பது இரண்டாவதுதான். ஏழு பகுதி வரை எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதர், எட்டாவது பகுதியில் கொலையாளி ஆகிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் பத்து நிமிட பிளாஷ்பேக். சின்ன வயதில் அவருக்கு நடந்த ஒரு கொடுமை. அதுவும் போதவில்லை என்றால் ‘அவன் ஒரு சைக்கோ’. அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் பதில் தேவையில்லை. சின்ன வயதில் அடிபட்டவர்களும், மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நான் பார்த்த வழக்குகளில் ‘ஏன்’ என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரிந்திருக்கும். வரப்புத் தகராறு, முறைத் தண்ணீர், திருப்பித் தராத கடன், குடி, மனைவி மேல் சந்தேகம். எஃப்.ஐ.ஆரில் ‘முன்விரோதம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கூண்டில் ஏறியவர்கள் பேசப் பேசத்தான் அந்தச் சொல்லுக்குள் எத்தனை வருடக் கதை இருக்கிறது என்று தெரியும். அண்ணன் தம்பி வழக்கு ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. போலீஸ் சொன்ன காரணம் கிணற்றுப் பங்கு. பொய்யில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், “ஆத்தா செத்தப்ப தம்பிக்காரனுக்குச் சொல்லி விடலைங்க. எடுத்த பெறகுதான் வந்து சேர்ந்தான்” என்றார். கிணற்றுச் சண்டை பன்னிரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அந்தச் சாவு நடந்து நாற்பது நாளுக்குள் வெட்டு விழுந்தது.

நேரில் பார்த்த சாட்சி இருந்தால் நோக்கம் நிரூபணமாகாவிட்டாலும் வழக்கு நிற்கும். சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்து நடக்கும் வழக்கில் அப்படியில்லை. அங்கே நோக்கம் ஒரு முக்கியமான கண்ணி. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு ஐந்து விதிகளைச் சொன்னது. சாட்சியச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் செய்தார் என்பதைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. எங்கள் கோர்ட்டில் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைச் சொல்லாத வாரம் இருக்காது. துப்பறியும் கதை எழுதுகிறவர்களும் அதை ஒருமுறை படித்தால் நல்லது.

‘கொலம்போ’ என்ற பழைய அமெரிக்கத் தொடரை மகன் போட்டுக் காட்டினான். அதில் கொலையாளி யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். பிறகு என்ன இருக்கிறது பார்க்க என்று நினைத்தேன். 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இளம் வயதில் இயக்கிய ஒரு பகுதி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து மர்மக் கதைகள் எழுதிப் பணமும் பேரும் சம்பாதிக்கிறார்கள். உண்மையில் எழுதுவது ஒருவன்தான். மற்றவன் பேட்டி கொடுப்பான், விருந்துக்குப் போவான். எழுதுகிறவன் இனிமேல் தனியாக எழுதப்போகிறேன் என்கிறான். போதும், நோக்கம் வந்துவிட்டது. பிளாஷ்பேக் எதுவும் வேண்டாம். பேட்டி கொடுக்கிறவன், எழுதுகிற கூட்டாளியை வெளியூரில் இருக்கும் தன் ஓய்வு வீட்டுக்கு அழைத்துப் போய், ஆபீசில்தான் இருக்கிறேன் என்று அந்தக் கூட்டாளியின் மனைவிக்குப் போனில் சொல்ல வைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறான். அப்புறம், அவர்களைச் சேர்த்துப் பார்த்த கடைக்கார அம்மா ஒருவர் பணம் கேட்டு மிரட்ட, அவரையும் கொல்கிறான்.

முதல் கொலை அவ்வளவு நேர்த்தி. இரண்டாவது அவசரக் கோலம். துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போ பிடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத வராதவனுக்கு இப்படி ஒரு திட்டம் எங்கிருந்து கிடைத்தது? செத்தவன் விட்டுப்போன காகிதங்களைத் தேடுகிறார். திட்டம் அப்படியே அதில் குறிப்பாக இருக்கிறது. கடைசியில் கொலையாளி சொல்வதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த யோசனை மட்டும் தன்னுடையதாம், வாழ்க்கையில் தனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனையாம். துப்பு, குணம், நோக்கம் மூன்றும் அந்த இடத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

நம்மால் முடியாது என்று சொல்லவில்லை. 2022-இல் வந்த ‘சுழல்’ என்ற தமிழ்த் தொடரின் முதல் பருவத்தில் சிமெண்ட் ஆலை எரியும் இரவில் தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமல் போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் உண்மை தெரிந்தபோது, அந்த வீட்டில் அக்கா ஏன் ஒட்டாமல் இருந்தாள் என்பது உட்பட நாம் ஏற்கெனவே பார்த்த பல விஷயங்களுக்கு விளக்கம் கிடைத்தது. சந்தேகத்தை அங்கும் இங்கும் திருப்பிவிட நடுவில் நிறைய இழுத்தார்கள்தான். இருந்தாலும் காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2025-இல் வந்த இரண்டாம் பருவத்தில் ஒரு வக்கீல் கொல்லப்பட, எட்டு இளம்பெண்கள் ஒவ்வொருத்தியும் ‘நான்தான் கொன்றேன்’ என்கிறாள். அங்கே ‘யார்’ என்ற கேள்வியே ‘ஏன் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று மாறிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனையோ தொடர்கள் ஸ்டேஷனில் குற்றவாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு முடிந்துவிடுகின்றன. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. அவன் காட்டிக்கொடுத்த இடத்தில் கத்தி கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிசெய்த பகுதி மட்டும் செல்லும். அடித்து ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று பார்க்கிறவர்களை நம்பவைப்பது நல்லதில்லை.

உங்கள் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரைப் பற்றி எழுதும் முன், கடைசிப் பகுதி முடிந்ததும் முதல் பகுதியை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கட்டும். கொலையாளி வரும் ஒவ்வொரு காட்சியிலும், தான் செய்தது என்ன என்று தெரிந்த மனுஷனாக அவர் நடந்துகொள்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
திருநெல்வேலி