2024–25 ஆண்டறிக்கை: நீர்நாய் என்ன தின்கிறது?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கையை நான் வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அதனால் கூட்டங்களின் தேதிப் பட்டியலை இந்த முறை இணைப்பில் தள்ளிவிட்டேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மழையில் பறந்த கூரைத் தகரத்தை மாற்றிய செலவும் அதில் இருக்கிறது. சோலை மரக்கன்று நடுவது இந்த ஆண்டு நடக்கவில்லை. நாற்று கிடைக்கவில்லை என்று சொல்லலாம். உண்மையில் நாம் கேட்கப் போனதே தாமதமாகத்தான்.

போன பொதுக்குழு முடிந்து தேநீர் குடிக்கும்போது, தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “செயலாளரே, எமரால்டு அணையோரம் நீர்நாய் பார்த்தேன். அப்ப ஆறு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?” ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஆண்டு முழுக்க அந்தக் கேள்வியோடுதான் அலைந்தோம்.

நம் நீலகிரி மலையில் இருப்பது சின்ன நீர்நாய். உலகின் நீர்நாய்களில் இதுவே சிறியது, ஐந்து கிலோவைத் தாண்டாது. கல்லுக்கடியில் விரலை விட்டுத் துழாவி நண்டைப் பிடிக்கும். அதன் கடைவாய்ப் பற்கள் அகலமானவை, நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தவை. கீழே மாயாற்றிலும் பவானிசாகரிலும் இருப்பது பெரிய ஆற்று நீர்நாய். அது மீன்தின்னி, கூட்டமாக வேட்டையாடும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்த அறிக்கையில் பாதி புரியாது.

நீர்நாயைப் பார்ப்பது அதிர்ஷ்டம். அதன் எச்சத்தைப் பார்க்கக் காலையில் எழுந்தால் போதும். பெரும்பாலும் ஒரே பாறையில், ஒரே இடத்தில் இட்டு வைக்கும். அதில் மிஞ்சியிருக்கும் ஓடும் முள்ளும் அது என்ன தின்றது என்று சொல்லும். உரிமையாளர்களின் சம்மதத்தோடு தோட்டத்து ஓடைகளில் மட்டும் சேகரித்தோம். காட்டுக்குள் எதையும் தொடவில்லை. முதல் தடவை என் வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்துக் கழுவினேன். அந்தப் பாத்திரம் இப்போது சங்கத்துக்குச் சொந்தம். வீட்டில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அப்புறம் எல்லாம் கூடத்தின் பின்புறம், விறகடுப்பில்தான்.

அணைக்கு மேலே, இன்னும் தண்ணீர் ஓடும் ஓடையில் எடுத்ததை டீ வடிகட்டியில் அலசினால், உடைந்த வளையல் துண்டுகள் போல நண்டு ஓடுதான் நிறைய. நீர்த்தேக்கத்தின் கரையில் எடுத்தது வேறு மாதிரி. பெரிய செதில்கள், அவற்றோடு ஒரு பக்கம் ரம்பம் போலப் பல் வைத்த முள். சங்கத்தின் காலை நடைக்கு வந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவிதான் முதலில் அதை எடுத்து, “ஐயா, இது நண்டு இல்ல” என்றாள். சாதாக் கெண்டையின் முதுகுத் துடுப்பு முள் அப்படித்தான் இருக்கும். எங்களிடம் இருப்பது சில பொட்டலங்கள்தான். அதை வைத்துச் சதவீதம் போட மாட்டேன். தவிர, நண்டு ஓடு செரிக்காமல் அப்படியே வந்துவிடும். மிருதுவான மீனோ தவளையோ தடயமில்லாமல் போய்விடும். எச்சம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது.

அந்தக் கெண்டை நம் ஊர்க்காரன் இல்லை. 1939-இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வந்துவிட்டது. அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகம் 1907-இல் அமைந்தது. கீழே சமவெளியில் இப்படி வெளியிலிருந்து வந்தது ஜிலேபி மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே குளிர் அதற்கு ஆகாது. இவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது யார் என்று பார்த்தால் அணைதான். குந்தா நீர்மின் திட்டத்தில் மேல்பவானித் தண்ணீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும், அங்கிருந்து குழாயில் மின்நிலையங்களுக்கும் போகிறது. குழாய்க்குள் போனது பழைய படுகைக்கு இல்லை. சலசலத்து ஓடும் ஓடையில், கல்லிடுக்கில் வாழ்ந்த நண்டுக்கும் சிறு மீனுக்கும் ஒரு பக்கம் வறண்ட பாறை, மறு பக்கம் நின்ற நீர். நின்ற நீரில் கெண்டை கொழுக்கும். மின்சாரத்துக்காகத் தேக்கத்தின் மட்டம் ஏறி இறங்கும்போது கரையோரம் எதுவும் நிலைத்து வாழ முடியாது. அந்தச் சேற்றுக்கரையில் இரை தேடும் நீர்நாய் கையில் அகப்பட்டதைத் தின்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. நவம்பர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் சொன்னது எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்பெயினில் 1970-களில், கெட்டி ஓடும் கொடுக்கும் உள்ள அமெரிக்கச் சிவப்பு நன்னீர் இறாலை (க்ரேஃபிஷ்) கொண்டுவந்து விட்டார்கள். மீன் தின்றுகொண்டிருந்த நீர்நாய்களின் எச்சத்தில் இப்போது பல இடங்களில் இறால் ஓடு. அங்கே மீன் போய் ஓடு வந்தது, இங்கே ஓடு போய் மீன் வந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் அணைகளில் தாமதித்துத் தடுமாறுகின்றன. அந்த ஆற்றுக்கே உரிய ஒரு வேட்டை மீன் அணையடியில் காத்திருந்து அவற்றை விழுங்குகிறது. அந்த மீனைப் பிடித்துத் தந்தால் பணம் கொடுக்கும் திட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. “சமைத்து வைத்தது அணை, அடி வாங்குவது மீன்” என்றார் ஆசிரியர்.

இதற்குப் பிறகுதான் சண்டை. நீர்த்தேக்கங்களில் கெண்டைக் குஞ்சு விடுவதை நிறுத்தச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று இளைஞர் அணி தீர்மானம் கொண்டுவந்தது. அந்த மீனை நம்பிப் பிழைப்பவர்கள் நம் உறுப்பினர்களிலேயே உண்டு. அவர்கள் எழுந்து கேட்டார்கள், குரலும் உயர்ந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது தெரியும். ஆனாலும் என் கருத்தைப் பதிவு செய்கிறேன்: கெண்டையை மட்டும் எடுத்துவிட்டால் அந்தக் கரையில் நீர்நாய்க்கு மிஞ்சுவது சேறு. முதலில் கேட்க வேண்டியது, வறண்ட படுகையில் கோடையிலும் ஓடும்படி கொஞ்சம் தண்ணீர். நண்டு அதன் பின்னால் வரும், குஞ்சு விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். இதற்கான வரைவு மனு இணைப்பில் உள்ளது. திருத்தங்களை எழுதித் தரவும்.

தோட்டக்கார நண்பருக்குப் பதில்: நீங்கள் பார்த்த நீர்நாய் உண்மை. ஆறு நன்றாக இருக்கிறதா என்பதை அது ஓடையில் நண்டு தின்றுகொண்டிருக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். ஓடைகளின் பழைய பெயர்கள் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தன. அவர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு கூடத்து அலமாரியில் இருக்கிறது.

அடுத்த நடை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரைக்கு, எமரால்டு பேருந்து நிறுத்தத்தில். அட்டை இருக்கும், கம்பூட்ஸ் போட்டு வரவும். பழைய டீ வடிகட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். திருப்பித் தர மாட்டோம்.