அறைத் திருத்தம்: 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்பீக்கர் ஒலியை அறைக்கேற்பத் திருத்தும் மென்பொருள்கள் பற்றிய உங்கள் கட்டுரை, காதுக்கு வித்தியாசம் தெரியும் என்பவரையும் தெரியாது என்பவரையும் பேசவிட்டு நின்றுவிட்டது. எந்த அதிர்வெண்ணில் என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

வீட்டு அறைகளில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை ஆள்வது அறைதான். 5 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி மோதித் திரும்பி நின்ற இடத்திலேயே அதிரும் நிலை அலைகள் எழும். அங்கே ஒலியளவு 10 டெசிபெல் எகிறி, அளவு வரைபடத்தில் மேடாகத் தெரிவது சாதாரணம். ஒரு பேஸ் சுரம் மட்டும் முழங்கும், வாசிப்பு நின்ற பிறகும் இழுக்கும். அந்த மேட்டைச் சரியான அகலத்தில் வெட்டினால் முழக்கத்தோடு இழுவையும் குறையும். பயிற்சியில்லாத காதுக்கும் இது கேட்கும். டிராக் லைவ், ஆடிஸி போன்ற திருத்த மென்பொருள்கள் தாமாகச் செய்வதை, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் அளந்து கையாலும் செய்யலாம்.

ஒலி அமுங்கும் பள்ளத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஸ்பீக்கருக்குப் பின்சுவர் 1 மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேரடி அலையை அழிக்கும். அங்கே 10 டெசிபெல் ஏற்றினால் திரும்பும் அலையும் அதே அளவு ஏறும். பள்ளம் அப்படியே இருக்க, ஆம்ப்ளிஃபயர் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டிவரும். ஸ்பீக்கரையோ இருக்கையையோ நகர்த்துங்கள்.

"மென்பொருள் போட்டதும் பாட்டு சப்பென்று ஆகிவிட்டது" என்பவர்களின் குறையும் உண்மையே. நடு, உயர் அதிர்வெண்களில் மைக் நேரடி ஒலியையும் எதிரொலியையும் கூட்டி அளக்கிறது. காது பெருமளவு பிரித்துக் கேட்கிறது. மைக் அப்படி அளந்த வரைபடத்தை நேராக்கப் போனால் நல்ல ஸ்பீக்கரும் கெடும். திருத்தத்தின் மேல் எல்லையை 300 ஹெர்ட்ஸில் நிறுத்தும் வசதி டிராக் லைவிலும், ஆடிஸியின் மல்ட்ஈக்யூ எடிட்டர் செயலியிலும் இருக்கிறது. நடு, உயர் அதிர்வெண்களில் கூடத்தின் எதிரொலியை எந்த மென்பொருளும் குறைக்காது. அதற்குக் கம்பளமும் கனத்த திரையும்தான்.

அளக்கும்போது மைக்கைக் கையில் பிடிக்கவோ சோபா முதுகில் வைக்கவோ கூடாது. ஸ்டாண்டில், காது உயரத்தில், தலை இருக்கும் இடத்தைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளக்க வேண்டும். மைக் கூரையைப் பார்த்தால் மைக்கின் பிழையைச் சரிசெய்யும் அளவுத்திருத்தக் கோப்புகளில் 90 டிகிரிக்கானதையே மென்பொருளில் ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் உயர் அதிர்வெண் அளவு பிசகும்.

ஒப்பிடும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். திருத்தம் போட்டதும் மொத்த ஒலியளவு சில டெசிபெல் இறங்கலாம். உரக்கக் கேட்பதே நல்லதாகத் தோன்றும் என்பதால் திருத்தம் அநியாயமாகத் தோற்கும். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, இரு நிலைகளிலும் அளவைச் சமன் செய்த பிறகு, வேறொருவர் சொல்லாமல் மாற்றிக்கொடுக்கக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடங்களையும் ஒலியளவைச் சமன் செய்த விதத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்