மீட்டரைப் பார்த்து எழுது

டர்பன்
மே 4

அன்புள்ள தேவா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சின்னவளுக்கு லெனேஷியாவிலேயே வேலை அமைந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி பாய்லர் மாதம் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று கணக்கெழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் லாண்டரியில் இரண்டு வருஷமாக அந்த நோட்டு என்னிடம்தான். பெருக்கல் சுலபம். மீட்டரில் ஓடும் கன மீட்டரை, பில்லில் ஜிகாஜூலாக, அதாவது சூட்டின் அளவாக, மாற்றிப் போட்டிருக்கும். ஒரு ஜிகாஜூல் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 56 கிலோ கரியமில வாயு. 300 ஜிகாஜூல் எரித்த மாதத்துக்குக் கிட்டத்தட்ட 17 டன். அந்த 300 சரியா என்பதுதான் கேள்வி.

போன வருஷம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் கணக்கு மளமளவென்று இறங்கியது. புது ஸ்டீம் வால்வு போட்ட பலன் என்று நினைத்து, முதலாளியிடமும் சொல்லி, சுவரில் தாளும் ஒட்டினேன். மே பில் வந்தபோதுதான் தெரிந்தது, அந்த மூன்று மாதமும் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை, உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள் என்று. விட்டுப்போனதெல்லாம் மொத்தமாய் மேயில் ஏறிவிட்டது. லாண்டரியில் வேலை செய்யும் பெண்கள் முன்னால் அந்தத் தாளைக் கிழித்தெடுத்தது இன்னும் உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நானே போகிறேன். கடல் காற்றில் மீட்டர் கண்ணாடி உப்புப் படிந்து மங்கியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, கறுப்பு எண்களை மட்டும் எழுதிக்கொள்வேன். சிவப்பு எண்கள் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருபவை. அவற்றையும் சேர்த்து எழுதினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அப்புறம், என் கணக்கை அப்படியே காப்பியடிக்காதே. உங்கள் ஜோகன்னஸ்பர்க் குழாயில் வருவது மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே எரிவாயு வயல்களிலிருந்து 865 கிலோமீட்டர் கடந்து செகுண்டா என்ற தொழிற்சாலை ஊருக்கு வரும் இயற்கை எரிவாயு. 56 அதற்குரிய எண். எங்களுக்கு லில்லி என்ற குழாயில் வருவது செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து கிடைக்கும் மீத்தேன் மிகுந்த வாயு. ஒரே கன மீட்டர்தான், ஆனால் இதில் சூடு குறைவு. அதனால் சப்ளை செய்பவர்களிடம் வாயுவில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற தாளைக் கேட்டு வாங்கி, அதை வைத்துத்தான் போடுகிறேன். அந்த நிலக்கரியைப் பதப்படுத்தும்போது வெளியேறும் புகை எங்கள் பாய்லர் கணக்கில் வராது. ஆனாலும் நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்து வைக்கிறேன்.

ஏறினாலும் இறங்கினாலும் போன மாதத்தோடு ஒப்பிடாதே. அமெரிக்காவில் கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த வணிகப் பிரிவு எரிவாயுவால் விடும் கரியமில வாயுவை 1973 முதல் மாதவாரியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் அது மலை மாதிரி ஏறும். உனக்கு அந்த மலை நம் குளிர்காலமான ஜூன், ஜூலையில் வரும். எங்களுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை, கடற்கரை ஹோட்டல்கள் நிரம்பும் டிசம்பரில்தான் துணி குவியும். ஜூலையை போன ஜூலையோடு வைத்துப் பார்.

கரியமில வாயு விடுவதற்கான கார்பன் வரி தென்னாப்பிரிக்காவில் 2019இலேயே வந்துவிட்டது. ஆனால் எரிக்கும் திறன் 10 மெகாவாட்டுக்குக் கீழே உள்ள எங்களைப் போன்ற இடங்களுக்கு அது இல்லை. வரி இல்லாததால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, தேவா. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருக்கோடியில் மண் சரிந்த இடம் இன்னும் மொட்டையாகவே கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது தினமும் அதைப் பார்க்கிறேன்.

ஜூன் 1ஆம் தேதி நீயே நேரில் போய் மீட்டரைப் பார்த்து எழுதி, பில்லையும் சேர்த்து அனுப்பு. முதல் மாதக் கணக்கை நாம் இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து போட்டுவிடலாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்
குமார்