ஸ்க்ரூஜ் வெறும் கஞ்சன் இல்லை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது, தை பிறந்ததும் புனேவுக்குக் கிளம்புகிறான்.

பேத்தியின் பள்ளியில் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ நாடகம் பார்த்ததாக எழுதியிருந்தாய். “ஒரு கஞ்சனைப் பேய்கள் மிரட்டித் திருத்துகிற கதை, குழந்தைகளுக்குச் சரி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் அந்தச் சின்னப் புத்தகத்தை இந்த மார்கழியில்தான் மறுபடி படித்தேன். மேடைக்குப் போகும்போது பெரும்பாலும் எது வெட்டுப்படுகிறதோ, அதில்தான் அந்தக் கதையின் உயிரே இருக்கிறது.

தொடக்கத்தில் ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இரண்டு பேர் அந்தக் கஞ்சன் ஸ்க்ரூஜின் அலுவலகத்துக்கு வருவார்களே, நினைவிருக்கிறதா? அவன் “காசு கிடையாது” என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. “சிறைச்சாலைகள் இல்லையா? ஏழை விடுதிகள் நடக்கவில்லையா?” என்று கேட்கிறான். அவற்றுக்கு நானும்தான் பணம் கட்டுகிறேன், வக்கில்லாதவர்கள் அங்கே போகட்டும் என்கிறான். அங்கே போவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னதும், “அப்படியே சாகட்டும், உபரி மக்கள்தொகை குறையும்” என்கிறான்.

இது ஒரு தனி மனிதனின் கஞ்சத்தனம் இல்லை மாப்ளே. அன்றைய இங்கிலாந்தில் மரியாதைப்பட்ட, வரி கட்டுகிற பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு அது. 1834-இல் வந்த புதிய ஏழைச் சட்டம், உடம்பில் தெம்புள்ளவன் உதவி கேட்டால் விடுதிக்குள் வந்துதான் வாங்க வேண்டும் என்றது. உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிட உள்ளே இருப்பவனின் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. உதவி கேட்கவே ஒருவன் அஞ்ச வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் குரலைத்தான் டிக்கன்ஸ் ஸ்க்ரூஜின் வாயில் வைத்தார்.

உபரி மக்கள்தொகை என்ற பேச்சுக்குப் பின்னால், மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய பொருளியலாளர் மால்தஸ் இருக்கிறார். அவருடைய நூலின் 1803 பதிப்பில் ஒரு பத்தி உண்டு. பெற்றோரால் காப்பாற்ற முடியாமல், உழைப்புக்கும் தேவையில்லாமல் பிறந்தவனுக்கு இயற்கையின் விருந்தில் இலை கிடையாது, எழுந்து போ என்று இயற்கையே சொல்கிறது என்பது அதன் சாரம். பின்னால் அவரே அதை எடுத்துவிட்டார். இப்போது கிராட்சிட் வீட்டு விருந்தை நினைத்துப் பார். ஸ்க்ரூஜிடம் வாரம் 15 ஷில்லிங் சம்பளம் வாங்கும் குமாஸ்தா அவன். வாத்தை வறுக்க வீட்டில் வசதியில்லாமல் ரொட்டிக்கடை அடுப்பில் வேகவைத்து வாங்கி வருகிறார்கள். துணி வெளுக்கும் செம்பு அண்டாவில் புட்டிங் வேகிறது, அதனால் துவைக்கும் நாளின் வாசனை வருகிறது. அத்தனை பேருக்கு அந்தப் புட்டிங் சின்னதுதான், ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பந்தியில் நோஞ்சான் பிள்ளை டைனி டிம்முக்கு அப்பாவை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது. “இவன் பிழைப்பானா?” என்று ஸ்க்ரூஜ் தவித்துப்போய்க் கேட்கும்போது, “செத்தால் என்ன, உபரி மக்கள்தொகை குறையுமே” என்று, அவனை அங்கே கூட்டிவந்த நிகழ்கால ஆவி அவன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. எண்ணிக்கையாகப் பேசியவன் முன்னால் ஒரு பிள்ளையின் முகம். அவன் தலை குனிகிறான்.

நாடகத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவது இதற்கு அப்புறம் வருவதை. நிகழ்கால ஆவி கிளம்பும் நேரத்தில் அதன் அங்கிக்கு அடியிலிருந்து இரண்டு குழந்தைகள் வெளியே வருகின்றன. வற்றிய உடம்பு, கந்தல் துணி, ஓநாய்ப் பார்வை. பையனின் பெயர் அறியாமை, பெண்ணின் பெயர் வறுமை. “உன் குழந்தைகளா?” என்கிறான் ஸ்க்ரூஜ். “மனித குலத்தின் குழந்தைகள்” என்கிறது ஆவி. இருவரிலும் பையனைப் பார்த்துத்தான் அதிகம் அஞ்ச வேண்டும், அவன் நெற்றியில் அழிவு எழுதியிருக்கிறது என்றும் சொல்கிறது. இவர்களுக்குப் போக்கிடமே இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்டதும் பதில் வருகிறது: “சிறைச்சாலைகள் இல்லையா? ஏழை விடுதிகள் இல்லையா?”

இந்தக் குழந்தைகள் டிக்கன்ஸ் கற்பனையில் மட்டும் கண்டவர்கள் இல்லை. அவருக்கு 12 வயதானபோது, 1824-இல், அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் இருந்தார். பிள்ளை ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது. 1843-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். அதே வருடம் செப்டம்பரில் லண்டனின் ஃபீல்ட் லேன் பகுதியில், கந்தல் உடுத்திய பிள்ளைகளுக்காக நடந்த இலவசப் பள்ளிக்குப் போய் வந்தார். பிரசுரத்தைக் கைவிட்டுக் கதையாக எழுதினார், சுமார் ஆறு வாரத்தில். டிசம்பர் 19-இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. விலை 5 ஷில்லிங், கிராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பத்து வருடம் கழித்து பர்மிங்ஹாமில் அதைப் பொதுமேடையில் வாசித்தபோது, உழைக்கும் மக்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரு நாள் தனியாக வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை கூடியது இதனால்தான்.

ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லி ஆவியாக வரும்போது இழுத்து வரும் சங்கிலி உனக்கே தெரிந்திருக்கும். கல்லாப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம், இரும்புப் பணப்பை என்று கோத்த சங்கிலி. என்னை உலுக்கியது அதற்கடுத்த ஜன்னல் காட்சி. வெளியே காற்றில் ஏகப்பட்ட ஆவிகள். வெள்ளை வெயிஸ்ட்கோட் போட்ட ஒரு கிழ ஆவியை ஸ்க்ரூஜுக்கு நன்றாகத் தெரியும். கணுக்காலில் பெரிய இரும்புப் பெட்டி தொங்க, கீழே வாசற்படியில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்திக்கு உதவ முடியவில்லையே என்று அது கதறுகிறது. நரக நெருப்பு, எண்ணெய்க் கொப்பரை எதுவும் கிடையாது. உதவ ஆசை வந்த நேரத்தில் கை போய்விட்டது, அவ்வளவுதான் தண்டனை. சில ஆவிகள் ஒரே சங்கிலியில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவை குற்றம் செய்த அரசாங்கங்களாக இருக்கலாம் என்று போகிற போக்கில் எழுதுகிறார். இதையா குழந்தைக் கதை என்கிறாய்?

அப்புறம் பழைய சாமான் கடை. எதிர்கால ஆவி காட்டும் காட்சி அது: செத்துக்கிடக்கும் ஸ்க்ரூஜின் கட்டில் திரையை வளையங்களோடு கழற்றி, போர்வையை உருவி, உடம்பில் கிடந்த நல்ல சட்டையையும் அவிழ்த்து விற்க வந்திருக்கிறார்கள். கடைக்கார ஜோ ஒவ்வொன்றுக்கும் தருகிற காசைச் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதிக் கூட்டுகிறான். மனிதர்களைக் கணக்காகவே பார்த்தவனுக்கு யாரோ எழுதும் கடைசிக் கணக்கு.

முதலாளி மனம் மாறிச் சம்பளத்தை உயர்த்தினால் போதுமா, சட்டம் மாற வேண்டாமா என்று நீ கேட்பாய். தொழிற்சங்கத்தில் இருந்தவன் நீ, கேட்க வேண்டிய கேள்விதான். இந்த இடத்தில் டிக்கன்ஸ் குறைபட்டுத்தான் போகிறார், நல்ல மனசைத் தாண்டி ஒரு வழி அவர் காட்டவில்லை. ஆனால் சட்டத்தை நியாயப்படுத்திய பேச்சை, அதைப் பேசியவர்களே படித்துக் கூசும்படி செய்தாரே, அந்த வேலையை எந்தத் துண்டுப் பிரசுரமும் இந்த அளவுக்குச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றைத் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். மூன்றாம் பகுதியின் கடைசிப் பக்கங்களைப் பேத்திக்கு வாசித்துக் காட்டு, அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயிற்றா?

அன்புடன்,
உன் மாப்ளே